மூன்றாவது வரிசைச் சிரிப்பு

படம் ஆரம்பித்து அரை மணி நேரமாகியும் அரங்கில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

படத்தின் டைரக்டர் லியோ கார்ஃபைன் கடைசி வரிசையில், மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படம் வெளிவருவதற்கு முன்னால் ஊர் ஜனங்களுக்கு இலவசமாகப் போட்டுக் காட்டி, அவர்கள் எங்கெங்கே சிரிக்கிறார்கள் என்று பதிவு செய்து, மறுநாள் அந்தச் சிரிப்பைப் படத்தோடு சேர்த்து ஓட்டிப் பார்ப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். அன்றைக்கு பாசடீனா தியேட்டரில் டேப்பில் ஏறியதெல்லாம் இருமலும், பாப்கார்ன் பொட்டலத்தின் சரசரப்பும், பின்பக்கக் கதவு திறந்து மூடும் சத்தமும்தான். கதவு அடிக்கடி திறந்தது. யாரும் உள்ளே வருவதற்காக அல்ல.

திரையில் இப்போது வாத்துகள் வந்தன. ஸ்டூடியோவின் பொறுமையில் பாதியைத் தின்றுதீர்த்த காட்சி அது. மாதாகோவிலில் கல்யாணம். கூண்டு உடைந்து வாத்துகள் சிதறி ஓடுகின்றன. மணமகள் வழுக்கிக் கேக்கின் மேல் விழுகிறாள். பாதிரியார் பயத்தில் ஆர்கன் இசைப்பெட்டியின் மேல் ஏறிக்கொள்கிறார்.

அரங்கில் அமைதி. எங்கிருந்தோ ஒரு குழந்தைக் குரல் மட்டும் கவலையோடு கேட்டது: "அம்மா, வாத்துக்கு அடிபட்டுடுச்சா?"

லியோ கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் கிளாடிஸ் ஓடம் உட்கார்ந்திருந்தாள். அவருடைய முதல் படத்திலிருந்து எடிட்டராக இருப்பவள் அவள். வெட்டுவது என் வேலை, சிரிப்பது டிக்கெட் வாங்கியவன் வேலை என்பாள். இத்தனை வருஷத்தில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

லியோவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வாலிபத்தில் வானொலிக்கு ஜோக் எழுதியவர். அங்கிருந்து ஸ்டூடியோவுக்கு வந்து, அடுத்தவர் படத்தில் ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் ஜோக்கை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஹோட்டலில் இரண்டு மாப்பிள்ளைகளின் பெட்டி மாறிப்போகும் கதையைச் சொந்தமாக எடுத்தபோது நாடே புரண்டு சிரித்தது. சிகாகோவில் ஒருவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி உடைந்துவிட்டதாக ஸ்டூடியோ விளம்பரம் செய்தது. நாற்காலி ஏற்கெனவே உடைந்திருந்தது என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு அவரைக் காமெடி தவிர வேறு எதுவும் எடுக்க விடவில்லை. ஒருமுறை, எனக்கு ஒரு போர்ப்படம் எடுக்க ஆசை என்று முதலாளிகளிடம் போய்க் கெஞ்சினார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதையே எடுங்கள் என்றார்கள். அந்தப் போர்க் காமெடியும் ஓடியது.

அப்புறம்தான் வரிசையாக மூன்று படம் படுத்தது. முன்பெல்லாம் பர்பாங்க் உணவகத்தில் அவர் உட்கார்ந்தாலே சீஸ்கேக் தானாக வரும். இப்போது அதே பரிமாறுபவர் தண்ணீரை வைத்துவிட்டு, "இப்பல்லாம் என்ன சார் பண்றீங்க?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அதை அவர் கிளாடிஸிடம்கூடச் சொன்னதில்லை. எது சிரிப்பு, எது சிரிப்பில்லை என்பதே அவருக்கு இப்போது தெரியவில்லை. முன்பு ஒரு காட்சியை எழுதும்போதே அடிவயிற்றில் ஏதோ குறுகுறுக்கும். இப்போதும் வயிற்றில் ஏதோ செய்தது, ஆனால் அது அஜீரணம்.

இந்தப் படமும் போனால் இனி யாரும் கூப்பிடப்போவதில்லை. கையில் இருந்த ஒரே சரக்கு போய்விட்ட மனிதனை எதற்குக் கூப்பிட வேண்டும்?

அப்போதுதான் அந்தச் சிரிப்பு எழுந்தது.

முதலில் கெட்டில் கொதிக்கப்போவதுபோல் ஒரு சின்ன விசில். அப்புறம் பழைய லாரி மேடு ஏறுவதுபோல் ஒரு குலுங்கல். கடைசியில் 'ஹோ' என்று உடைந்து அரங்கு முழுக்கக் கொட்டியது. முன்னாலிருந்து மூன்றாவது வரிசை. கழுத்து வலிக்கும் என்று யாரும் உட்காராத இடத்தில் ஒரே ஒரு தலை, வழுக்கைத் தலை, குலுங்கிக்கொண்டிருந்தது.

திரையில் அப்போது ஒன்றுமே நடக்கவில்லை. கதாநாயகனான பல் டாக்டர் மேஜை இழுப்பறையை மூடிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். லியோவின் மடியில் டேப் ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு போட்டதும் லியோ ஓடிப்போய் வாசலில் அந்த மனிதரைப் பிடித்தார். அடர்த்தியான மீசை. லேசாக நிறமேற்றிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கண் சிவந்து நீர் கோத்திருந்தது. பெயர் ஹகோப் டெர்ஸியான். ஆர்மீனியர். கிளென்டேலில் கம்பளம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கடைத்தெருவில் யாரோ கையில் திணித்த இலவச டிக்கெட்டில் வந்தவர்.

"படம் எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டார் லியோ.

ஹகோப் சற்று யோசித்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சு சார். இவ்வளவு நிம்மதியா உட்கார்ந்து எத்தனையோ மாசமாச்சு."

லியோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த முறையும் வர முடியுமா என்று கேட்டார். அதே தியேட்டர்தானா, ஏசி இதே மாதிரி போடுவார்களா என்று ஹகோப் விசாரித்துக்கொண்டு சம்மதித்தார்.

மறுநாள் எடிட்டிங் அறையில் கிளாடிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒரே ஒரு ஆளு சிரிச்சதுக்காகப் படத்தையே மாத்தப்போறியா?"

"மத்த யாருமே சிரிக்கலையே. நமக்குன்னு இருக்கிறது அந்த ஒரு ஆளுதானே."

இழுப்பறைக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார் லியோ. டாக்டர் இழுப்பறையைத் திறக்கிறார். உள்ளே கல்யாண மோதிரம். மூடுகிறார். மறுபடி திறந்து பார்த்து, மறுபடி மூடுகிறார். இதில் என்ன சிரிப்பு? வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகு, "மோதிரம் தானா எங்கேயாவது போயிடுச்சான்னு பாக்குறான் பாவி" என்று லியோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொன்னார். அதற்கு இடம் வேண்டும் என்று வாத்துகளை எடுத்துவிடச் சொன்னார்.

"எல்லா வாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

வாத்து போனது. வாத்தோடு சேர்ந்து மணமகள் விழுகிற கேக்கும் போனது. ஆனால் பின்னால் வரும் ஒரு காட்சியில் அவள் முகம் முழுக்கக் கிரீமோடு நிற்கிறாளே, அதை எப்படி வெட்டுவது? அதில்தான் டாக்டர் அவளிடம் முக்கியமான விஷயத்தைச் சொல்கிறார். மாப்பிள்ளையான அவர் ஒன்றும் கேட்காமல் கைக்குட்டையை எடுத்து நீட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்வதாகத்தான் எடுத்திருந்தார்கள். கிளாடிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். கிரீம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியாது, அந்த ஆளும் அந்த இடத்தில் சிரிக்கவில்லை, எடுத்துவிடலாம் என்று வாதாடினாள்.

"பரவால்ல, இருக்கட்டும்" என்றார் லியோ. ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த இலவசக் காட்சிக்கு ஹகோப் வந்தார். மூன்றாவது வரிசையில் அதே நாற்காலியில் அமர்ந்தார். இழுப்பறை வந்தது. நீட்டி வைத்த இழுப்பறை. லியோ மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஹகோப் அசையக்கூட இல்லை. வேறு சிலர் அங்கங்கே சிரித்தார்கள், ஆனால் லியோவின் காதில் அதெல்லாம் விழவில்லை. வழுக்கைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் பாதிக்கு வந்தபோது, டாக்டரின் மாமியார் சமையலறைக் குளிர்பெட்டியைத் திறந்து எதற்குத் திறந்தோம் என்று மறந்து நிற்கிற இடத்தில், கெட்டில் விசிலடித்தது. லாரி மேடு ஏறியது.

"இழுப்பறைய நாம ரொம்ப நீட்டிட்டோம். அந்த மனுஷனுக்கு அலுத்துப்போச்சு" என்றார் லியோ மறுநாள்.

இழுப்பறை சிறுத்தது. குளிர்பெட்டி நீண்டது. மாமியார் அதன்முன் நின்றபடி பேசுவதாக எழுதியிருந்த வசனம் முழுதும் போனது. இப்போது அவள் பேசாமல் நின்றாள், பெட்டி விளக்கு அவள் முகத்தில் விழுந்தது, அவள் ஒரு முட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். கிளாடிஸ் அதை ஓட்டிப் பார்க்கும்போது, வசனம் இல்லாமல் இது நன்றாகத்தான் இருக்கிறது என்று முணுமுணுத்தாள். உடனே, அதற்காக நீ செய்வது பைத்தியக்காரத்தனம் இல்லை என்று ஆகிவிடாது என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மூன்றாவது இலவசக் காட்சியில்தான் பெரிய இடி விழுந்தது. மொத்தப் படத்தில் ஒரே ஓர் அழுகைக் காட்சி. மகளைக் கட்டிக்கொடுக்கப்போகும் மாமனார் வராந்தாவில் உட்கார்ந்து அழுகிறார். ஸ்டூடியோத் தலைவன் கோர்ட்னி வேலுக்குப் படத்தில் பிடித்த இடம் அது ஒன்றுதான். எழுதியதைப் படித்துவிட்டே கண் கலங்கினவன் அவன். மாமனார் முதல் விசும்பலை எடுத்ததும் ஹகோப் வெடித்தார். அன்றைக்கு அரங்கு நிறைந்திருந்தது. சிரிப்பு ஒட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. மாமனார் அழ அழ ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இதுக்கு என்ன செய்யப்போற?" என்று கேட்டாள் கிளாடிஸ். "மகளுக்காக அழுற மனுஷனப் பாத்து ஊரே சிரிக்குது."

லியோ அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு நின்றார்.

"மகளுக்காக அழுதாத்தானே?"

மாப்பிள்ளை பல் டாக்டர். மாமனாருக்குப் பல்வலி என்று வைத்துவிட்டால்? நடிகரைக் கூப்பிட்டு, முதுகு காட்டுவதால் உதடு தெரியாத இடத்தில் பல்வலி என்று ஒரே ஒரு வரியைப் பேசவைத்துச் சேர்த்தார்கள். காட்சியைப் படத்தின் முன்பகுதிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதனால் மாப்பிள்ளையும் மாமனாரும் முதன்முதலில் சந்திப்பதே அந்த வராந்தாவில் என்று ஆனது. அதனால் அதற்கு முன்னால் இருந்த நாலு காட்சிகள் அநாவசியமாயின. அவற்றையும் எடுத்தார்கள். வெட்டிய ஃபிலிம் சுருள்கள் அறை மூலையில் முழங்கால் உயரம் கிடந்தன.

அந்த வேலையில் லியோ ஒன்றைக் கவனிக்கவில்லை. கிளாடிஸ் கவனித்தாள். அவர் இப்போதெல்லாம் டேப்பைப் போடாமலே, இங்கே நிறுத்து, அங்கே எடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டால், அந்த ஆள் இங்கே நிச்சயம் சிரிப்பார் பார் என்பார்.

செய்தி கோர்ட்னிக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் கத்துகிற ஆள் இல்லை. தொலைபேசியில் அமைதியாகத்தான் கேட்டான்.

"லியோ, வாத்தெல்லாம் எங்கே?"

லியோ விளக்க முயன்றார்.

"என்னோட அழுகைக் காட்சி பல்வலியா மாறிடுச்சுன்னு சொல்றாங்களே, நெசமா?"

லியோ அதையும் விளக்க முயன்றார். கோர்ட்னி, தன் ஆட்களோடு வந்து ஸ்டூடியோவின் சின்னத் தியேட்டரில் தானே படத்தைப் பார்ப்பதாகச் சொன்னான். பிடிக்கவில்லை என்றால் வேறொருவரை வைத்து, வாத்துகளைத் திரும்பச் சேர்த்துப் படத்தை வெட்டிக்கொள்வான். லியோ வீட்டில் ஓய்வெடுத்துக்கொள்ளலாம்.

முதலாளிகள் கூடியிருக்கும் அறையில் சிரிப்பு தானாக வராது என்பது லியோவுக்கு அனுபவப் பாடம். ஒவ்வொருவனும் தனக்கு மேலே இருப்பவன் முதலில் சிரிக்கட்டும் என்று காத்திருப்பான். நேராகக் கம்பளக் கடைக்குப் போனார். ஹகோப்பைத் தம்முடைய மாமா என்று சொல்லி உள்ளே அழைத்துப்போவதாகத் திட்டம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று நம்பினார்.

"அந்தத் தியேட்டர் நாற்காலி எப்படி சார்?" என்று கேட்டார் ஹகோப்.

"முதலாளிங்க உட்கார்ற நாற்காலி. தோல் மெத்தை போட்டது."

ஹகோப் அப்போதே கடையைச் சாத்தினார்.

கோர்ட்னி, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கி வரவேற்றான். ஹகோப் மூன்றாவது வரிசைக்குப் போய் மெத்தைக்குள் புதைந்தார். விளக்கு அணைந்தது.

இழுப்பறை வந்தது. ஹகோப் சிரிக்கவில்லை.

மாமனார் பல்வலியில் அழுதார். ஹகோப் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை. கோர்ட்னி தாடையைத் தடவிக்கொண்டான். குளிர்பெட்டி திறந்து, முட்டை வெளியே வந்து, உள்ளே போனது. மெத்தைக்கு மேலே தெரிந்த வழுக்கை இம்மியும் அசையவில்லை. லியோவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முடிந்தது, இத்தனை வருஷப் பிழைப்பும் இந்த இருட்டறையோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். மனிதரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் படத்தையே வெறுக்கவைத்துவிட்டோம்.

அப்போது மணமகள் முகம் நிறையக் கிரீமோடு வந்து நின்றாள். டாக்டர் அவளைப் பார்த்தார். கைக்குட்டையை நீட்டினார். பேச்சைத் தொடர்ந்தார்.

லியோவுக்கு மிக அருகில் யாரோ செருமினார்கள். திரும்பிப் பார்த்தார். கிளாடிஸ் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. விரலிடுக்கு வழியாக ஒரு கீச்சொலி தப்பித்து வெளியே வந்தது. அதைக் கேட்டு முன்னால் இருந்த ஒருவன் சிரித்துவிட்டான். மேலே இருப்பவன் சிரிப்பதற்குள் சிரித்துவிட்டோமே என்று அவன் பயந்து அடக்குவதற்குள் கோர்ட்னியே சிரித்துவிட்டான். அதன்பின் அணை உடைந்தது. டாக்டர் காருக்குள் சும்மா உட்கார்ந்திருந்ததற்குக்கூட ஒருவன் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

விளக்கு போட்டபோது கோர்ட்னி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாத்து வேண்டாம் லியோ" என்றான். "எதுவுமே வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

 லியோ எழுந்து வாசலுக்குப் போனார். ஹகோப் கடைசியாக வெளியே வந்தார், சிவந்த கண்களோடு.

"இன்னிக்குத்தான் சார் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று லியோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

படம் இலையுதிர்காலம் முழுக்க ஓடியது. ஜனங்கள் கோட்டு போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உணவகத்தில் சீஸ்கேக் திரும்பி வந்தது. கிழவர் சத்தம் போடாமல் சிரிக்கவைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. இவருடைய காதுக்கு ஈடு கிடையாது என்று இன்னொன்று எழுதியது. கோர்ட்னி அடுத்த படத்துக்கு ஆளனுப்பினான்.

லியோவுக்குத்தான் சீஸ்கேக் இறங்கவில்லை. என் காதா? எல்லாம் கிளென்டேல்காரரின் வாய் அல்லவா? அவருக்குச் சேரவேண்டிய பாராட்டை உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறோமே என்று கிளாடிஸிடம் புலம்பினார். எனக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டுப் புலம்பு என்று அவள் தட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கிளென்டேலுக்கே கிளம்பிப் போனார். அடுத்த படத்தில் டெர்ஸியான் பேரையும் என் பேருக்குச் சமமாகப் போடுகிறேன், நீங்கள் இல்லாமல் என்னால் ஆகாது என்று சொல்லிவிடுவதாக முடிவு.

ஹகோப்பின் மனைவி சிர்வார்ட் கதவைத் திறந்தாள். குட்டையான, கறாரான அம்மாள். வந்தவர் யார் என்று தெரிந்ததும் உட்காரவைத்து, சின்னக் கோப்பையில் கெட்டிக் காப்பியும் தேன் சொட்டும் பக்லாவாவும் கொண்டுவந்து வைத்தாள். அவர் உள்ளே இருக்கிறார், கொஞ்ச நேரத்தில் வருவார் என்றாள். கணவர் ஏதோ சினிமாவுக்குப் போய்வந்தது அவளுக்குத் தெரியும். சாயங்காலத்தில் தன் தங்கைகள் சீட்டாட வந்துவிட்டால் அவருக்கு வீடு ஆகாது, எங்கேயாவது போய்விடுவார் என்றாள்.

அவரிடம் சொல்ல வந்ததை லியோவால் அடக்கிவைக்க முடியவில்லை. அவளிடமே சொல்லிவிட்டார். படம் தன்னுடையது இல்லை, ஒவ்வொரு வெட்டும் ஹகோப் சிரித்த சிரிப்பைக் கேட்டு வெட்டியது, தனக்குக் காது செத்துப்போய் வெகுநாளாயிற்று. சொல்லச் சொல்ல நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. காப்பியை எடுத்து நிம்மதியாக ஒரு வாய் குடித்தார். சிர்வார்ட் மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு சிரிச்சாருன்னா சொல்றீங்க?"

லியோ பதில் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து கெட்டில் விசிலடித்தது. லாரி மேடு ஏறியது. 'ஹோ' என்ற அந்தச் சிரிப்பு கதவைத் தாண்டி வந்து கூடத்தில் விழுந்தது.

லியோவின் முகம் மலர்ந்தது. "இதோ, இதேதாங்க. உள்ள டிவியில என்ன படம் பாக்குறாரு?"

"டிவியெல்லாம் கூடத்துலதாங்க இருக்கு, அவரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவரு, இன்னும் எந்திரிக்கல. கல்யாணமான நாள்லேர்ந்து தூக்கத்துல இப்படித்தான் சிரிப்பாரு, முழிச்சிருக்கிறப்ப அந்த மனுஷன் சிரிச்சு நான் ஒரு நாளும் பாத்ததில்லீங்க."